அறுபது தடவை ஊமைக் கட்டை

லெனின்கிராட் இசையமைப்பாளர் சங்கத்தில் ராயிசா லவோவ்னாவுக்குப் பியானோக்களுக்குச் சுருதி கூட்டும் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் ஓர் ஊமைக் கட்டைகூட அவள் கையிலிருந்து தப்பித்ததில்லை. மனிதர்களைச் சரிசெய்ய அங்கே தனியாக ஒரு கமிட்டி இருந்தது.

போர் முடிந்த மறுவருடம் அந்தக் கமிட்டி முன்னால் இசையமைப்பாளர் க்ளெப் இவானிச் ஸாவிச் தன் புதிய படைப்பை வாசித்துக்காட்ட வேண்டியிருந்தது. ஜெர்மன் படை ஊரைச் சுற்றி வளைத்திருந்த முற்றுகைக் குளிர்காலத்தில், அதே கட்டடத்தின் நிலவறையில், அங்கிருந்த பியானோவில் எழுதியது. கமிட்டி தலையாட்டினால்தான் மேடை. அந்தப் பியானோவும் இப்போது மாடிக் கூடத்துக்கு வந்திருந்தது.

முந்தின நாள் ராயிசா அதைத் திறந்து பார்த்தாள். வலது கோடியில் ஒரு கட்டைக்கு உள்ளே சுத்தியல் ஒடிந்திருந்தது. அழுத்தினால் மரம் மட்டும் 'டொக்' என்றது. புதுச் சுத்தியல் பொருத்திவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போனாள்.

ஸாவிச் வாசித்தார். ஒன்றோடொன்று சண்டை போடும் சுரங்கள். கமிட்டித் தலைவர் போர்பிரி செமியோனிச் பல்வலி வந்தவர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் எல்லாம் அடங்கி, ஒரே ஒரு விரல் வலது கோடிக் கட்டையைத் தொட்டது. கணீர் என்றது. ஸாவிச்சின் முகம் வெளிறியது. நிறுத்தவா முடியும்? எழுதியிருந்தபடி அறுபது தடவை கணீர்.

தலைவர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "வெற்றி மணி, தோழர்களே. ஆரம்பம் இருட்டுதான், ஆனா கடைசில விடிஞ்சிடுது. அனுமதிச்சாச்சு."

நடைவழியில் ஸாவிச் அவளைப் பிடித்தார். "ராயிசா லவோவ்னா, அந்தக் கட்டைய நீங்கதான் சரி பண்ணீங்களா?"

"பின்ன, பேயா வந்து பண்ணும்?"

"அது டொக்குனுதான் இருக்கணும். ரேடியோவுல ஓடிட்டே இருந்துச்சே, அது."

அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. முற்றுகையின்போது ரேடியோவில் யாரும் பேசாத நேரமெல்லாம் தாளக் கருவி ஒன்றின் அந்த டொக், டொக்தான். ஊர் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அவள் கணவர் மத்வேய் அதை எண்ணிக்கொண்டே படுத்திருந்தார். ஒரு காலையில் எண்ணுவது நின்றது. டொக் நிற்கவில்லை.

"மறுபடி கெடுத்துத் தர முடியுமா?"

"உங்களுக்குப் போனா ஒரு அனுமதி. எனக்குப் போனா வேலை, ரொட்டி ரேஷன் அட்டை, ரெண்டும்."

"அதான் கேக்கக் கூச்சமா இருக்கு."

"கேட்டுட்டு என்ன கூச்சம்?"

அடுத்த மாதம், கச்சேரியன்று காலையில் அவள் சுத்தியலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

கடைசிப் பக்கம் வந்தது. டொக். டொக். முன்வரிசைப் பெண்மணி ஒருத்தியின் உதடுகள் எண்ண ஆரம்பித்தன. கோட்டு வாங்கி வைக்கும் கிழவர் கதவோரம் வந்து நின்றார். போர் முழுக்கத் தூரத்துத் தாஷ்கண்டில் ஆப்ரிகாட் சாப்பிட்டுக்கொண்டிருந்த போர்பிரி செமியோனிச் மட்டும் பக்கத்து ஆளிடம் கேட்டார்: "பியானோவுக்கு என்ன கேடு?"

பக்கத்து ஆளும் எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ராயிசாவிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். எழுதினாள்: "மேற்படி கட்டை சென்ற மாதம் என் தவறால் பழுதுபார்க்கப்பட்டுவிட்டது. தவறு தற்போது திருத்தப்பட்டது."

திங்கட்கிழமை அவள் இடத்துக்கு வந்த புது ஆள் கெட்டிக்காரர். முதல் வேலையாக அந்தக் கட்டையைக் கணீர் என்று ஆக்கிவிட்டார்.