தலையாட்டிக்கு என்ன தண்டனை

மொன்றியலுக்கு வந்த மூன்றாவது வருடம், தொண்ணூறுகளின் நடுவில், நான் நரகத்தைப் பாடமாக எடுத்தேன். ஆசைப்பட்டு எடுக்கவில்லை. வேலை முடிந்து போகக்கூடிய பல்கலைக்கழக மாலை வகுப்புகளில் அதில் மட்டும்தான் இடம் மிச்சமிருந்தது. மத்தியகாலத்துத் துறவிகள் நோயில் மயங்கிக் கிடந்தபோது வானதூதர் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டிய காட்சிகள். புறங்கூறியவன் நாக்கில் கொக்கி மாட்டித் தொங்குகிறான். பொய்ச்சத்தியம் செய்தவனின் கை கருகுகிறது. எந்த உறுப்பு பாவம் செய்ததோ அந்த உறுப்புக்கே வதை. பேராசிரியர் கோப்பியை உறிஞ்சிக்கொண்டே இதையெல்லாம் விளக்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மனிதருக்கு அது பழைய தாள், அவ்வளவுதான்.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் என்னோடு வீட்டைப் பகிர்ந்திருந்த அண்ணன் என்னைப் போலவே இலங்கையின் கிழக்கு மாகாணத்துக் கத்தோலிக்கர். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கும் வேலை. பனி கொட்டினாலும் ஞாயிறு பூசைக்குப் போவார். ஆனால் நற்கருணை வாங்க மட்டும் எழும்பமாட்டார். எல்லோரும் வரிசையில் நிற்க, இவர் குனிந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் காரணம் கேட்டதில்லை.

சனிக்கிழமை மத்தியானங்களில் நான் குசினி மேசையில் படிப்பேன். அவர் எதிரே இருந்து உள்ளி உரிப்பார்.

"இண்டைக்கு ஆரைத் தொங்கவிட்டிரிக்கு தம்பி?"

நான் தமிழில் சொல்லச் சொல்லச் சிரிப்பார். களவெடுத்தவனுக்கு என்ன, குடித்தவனுக்கு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒரு சனிக்கிழமை சிரிக்காமல் கேட்டார்.

"தலையை ஆட்டினவனுக்கு என்ன போட்டிரிக்கு?"

எங்கள் பக்கத்து ஆளுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. போர்க்காலத்தில் சுற்றிவளைப்பு நடக்கும். ஊர் ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடக்கவிடுவார்கள். சீருடைக்காரரின் வாகனத்துக்குப் பக்கத்தில் ஒருவன் முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு நிற்பான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன்தான் தலையாட்டி. அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படி ஒரு சாக்கு தலையை ஆட்டித்தான் என் தம்பி போனான். திரும்பி வரவில்லை.

"நீங்களா?" என்றேன்.

"ஓம். என்னையும் பிடிச்சிட்டுப்போய் அடிச்சவங்கள். ஆட்டாட்டிச் சுட்டிருப்பாங்கள்." கத்தியைக் கீழே வைத்தார். "எத்தின பேருக்கு ஆட்டின எண்டு நான் எண்ணயில்ல."

எந்த ஊர், எந்த மாதம் என்று கேட்டேன். திருகோணமலைப் பக்கம் என்றார், வருடத்தையும் மாதத்தையும் சொன்னார். மட்டக்களப்பில் என் தம்பியைக் கொண்டுபோய் அந்த மாதத்தோடு ஒரு வருடம் கடந்திருந்தது. மனதுக்குள் இரண்டு தடவை கணக்குப் பார்த்தேன். இவர் இல்லை.

"சாமியாரிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்களன். பிறகு நற்கருணை வாங்கலாம்தானே."

"இஞ்ச இருக்கிற பிரெஞ்சுச் சாமிக்குச் சாக்கு எண்டா விளங்குமா தம்பி? உருளைக்கிழங்குச் சாக்கு எண்டு நினைப்பார். உன்ட புத்தகத்தில எல்லாருக்கும் எழுதியிரிக்குத்தானே. பார்த்துச் சொல்லு."

பல்கலைக்கழகப் புத்தகம் என்பதால் அதை அவர் கடவுளின் பதிவேடு என்றே நம்பிவிட்டார். அப்படி ஒன்றும் இல்லை, அந்தத் துறவிகளுக்குத் தலையாட்டி என்றால் என்னவென்றே தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கங்களைப் புரட்டினேன். வாசிப்பதுபோல் பாவனை செய்து, நானே ஒன்றைக் கட்டிச் சொன்னேன். நெருப்புச் சாக்கு ஒன்றைத் தலையோடு சேர்த்துத் தைப்பார்கள். காட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து நிற்பார்கள். ஆடக்கூடாதென்று தலையாட்டி தன் கழுத்தை இறுக்கிப் பிடிப்பான். கழுத்து தானாக ஆடும். பிறகு முதலாவது ஆள் திரும்பவும் வருவான்.

அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரிதான்," என்றார். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்தவரைப்போல அவருடைய முகம் தெளிந்திருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு லேசாக இவருக்கு நிம்மதி கிடைக்கக்கூடாது என்று நினைத்தேன்.

பிறகு மெதுவாகக் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமையிலயாவது விடுவாங்களா?"

விடுவார்கள். பழைய காட்சி ஒன்றில் புனிதர் ஒருவர் அழுது மன்றாட, சனி மாலையிலிருந்து திங்கள் விடியும்வரை நரகத்தில் உள்ளவர்களுக்கு ஓய்வு கிடைக்கிறது. அந்தக் கிழமைதான் அதைப் படித்துக் கோடு போட்டிருந்தேன். அந்தப் பக்கம் என் கைக்குக் கீழேதான் இருந்தது.

"இல்லை," என்றேன்.

மறுநாள் அவர் பூசைக்கு எழும்பவில்லை. அடுத்த கிழமையிலிருந்து முதலாளியிடம் கேட்டு ஞாயிறும் வேலைக்குப் போகத் தொடங்கினார். ஒன்றரை வருடம் கழித்து டொராண்டோவுக்குப் போகும்வரை அப்படித்தான். எத்தனையோ ஞாயிறு காலைகளில் அவர் சப்பாத்துக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஞாயிறு ஓய்வு உண்டு என்று ஒரு வசனம் சொன்னால் போதும். என் தம்பிக்காக யாராவது ஒருவர் அனுபவிக்கத்தானே வேண்டும் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் சில நாட்களில் அப்படித்தான் நினைக்கிறேன்.