எல்லைக் கட்டை

நிலாவெளி வீதியில் புதிய சூப்பர் மார்க்கெட்டுக்கு எல்லைக் கட்டை அறைந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் என் கால் நின்றுவிட்டது.

சிறுவயதில் எங்கள் கடைக்கும் பக்கத்துச் சின்னராசா மாமாவின் கடைக்கும் முன்னால், வீதியை அகலமாக்க இப்படித்தான் அறைந்தார்கள். கட்டைக்கு வீதிப்பக்கம் நிற்கும் கடை உடைபடும். மாமாவின் கட்டையில் நான் ஆட்டைக் கட்டினேன். ஆடு அதைப் பிடுங்கிவிட்டது. பயத்தில், அவர் கடைக்குப் பின்னால் தள்ளி அறைந்துவிட்டேன்.

மாமா மீன் வெட்டும் கத்தியோடு வந்தார். “என்ர கடையை உடைக்கவோ கட்டையை மாத்தினனீ?”

“நான் தொடேல்லை மச்சான்,” என்றார் அப்பா.

“அப்ப கட்டை தானா நடந்து போனதோ?”

கத்தி இறங்கியது. தடுத்த அப்பாவின் இரண்டு விரல்கள் மண்ணில் விழுந்தன. மாமா மறுபடி ஓங்கினார். அப்பா என்னையும் என் கையிலிருந்த ஆட்டுக்கயிற்றையும் பார்த்தார்.

“ஓம், நான்தான் மாத்தினனான்,” என்றார்.