ஏணியின் பாதியில் இறங்கிய சர்க்கரை

முதலில் மெலிந்தேன். மலையில் ஏறி இறங்குகிறவனுக்கு உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு தாகமும், அடிக்கடி சிறுநீரும். என் மனைவி சிவகாமிதான் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள்.

ரத்தம் பார்த்துவிட்டு சர்க்கரை நோய் என்றார் டாக்டர். மலைமேல் குண்டனி நாடு என்கிற ஊர்ப்பகுதியில் எங்கள் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகை, மூங்கில் ஏணியில் ஏறிப் பறிப்பவன் நான்.

“இவ்வளவு உழைக்கறவனுக்கு எப்படிங்க வரும்?”

“உழைச்சாலும் வரும், ஒல்லியா இருந்தாலும் வரும். சர்க்கரையைச் செலவு பண்றது சதைங்க. உங்களுக்கு அதுவே கரையுது. சோறும் கிழங்கும் குறைச்சுக்குங்க. பருப்பு, முட்டை, மீன் சேருங்க.”

கணையத்தைத் தூண்டும் மாத்திரை (இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைப்பது) கொடுத்து, காலைச் சாப்பாட்டுக்கு முன் போடச் சொன்னார்.

எங்கள் ஊருக்கு மீன் தினமும் வராது. முள்ளுக்குறிச்சியில் கட்டட வேலை செய்யும் சிவகாமியின் தம்பி முருகேசன், ஒரு டப்பா மீன் புரதப் பொடி (மீனின் சதையிலிருந்து புரதத்தைப் பிரித்து உலர்த்தியது) வாங்கி வந்தான். உடற்பயிற்சிக் கூடத்தில் அவனோடு எடை தூக்குகிறவர்கள் குடிப்பதாம்.

“காலையில இதக் கலக்கிக் குடிச்சாப் போதும் மாமா. வேற சாப்பாடே வேண்டாம்.”

அன்போடுதான் சொன்னான். வாடையைப் பொறுத்துக்கொண்டு குடித்தேன். அடுத்த சோதனையில் சர்க்கரை குறைந்திருந்தது. பொடிதான் காப்பாற்றியது என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

தை மாதம் பறிப்பு தொடங்கியது. மாத்திரையும் பொடியும் மட்டும் வயிற்றில். முற்பகல் முழுக்க ஏறி இறங்கினேன். ஏணியின் பாதியில் குளிர்காற்றிலும் வியர்த்தது. விரல்கள் நடுங்கின. இலைகள் வெளிறித் தெரிந்தன.

“ஏனுங்க, பறிச்சதையெல்லாம் கீழ போடறீங்க?” ஏணியைப் பிடித்திருந்த சிவகாமி கேட்டாள். நான் ஏதோ உளறினேனாம். என் நினைவில் இல்லை.

அதுவரை ஏணி ஏறியிராதவள் ஏறி வந்து, தலைத்துண்டால் என்னை மரத்தோடு கட்டினாள். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஓடி வந்து இறக்கினார்கள். பிளாஸ்கில் இருந்த இனிப்பு டீயை அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்த பிறகுதான் அவள் முகம் எனக்கு அடையாளம் தெரிந்தது.

தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைவது) என்றார் டாக்டர்.

“பொடி குடிக்கறது தப்பில்லைங்க. அது சாப்பாட்டோட சேர்த்துக் குடிக்கறது, சாப்பாட்டுக்குப் பதில் இல்ல. இந்த மாத்திரையப் போட்டுட்டு ஆகாரத்த விடக்கூடாது.”

“அப்ப சர்க்கரை குறைஞ்சது பொடியாலதானுங்களே?”

“சொல்ல முடியாதுங்க. மாத்திரை இருக்கு, சோறு குறைச்சிருக்கீங்க. பொடி எவ்வளவு பண்ணுச்சுன்னு எனக்கும் தெரியாது.”

மாத்திரையை மாற்றினார். இப்போது காலையில் ராகிக் களியும் பருப்பும் சாப்பிடுகிறேன். பொடி கொஞ்சம், மதியத்தில். தோளில் சதை பிடித்திருக்கிறது. முருகேசன் வந்தால் என் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை என்று சொல்லியும் அவனுக்குத் தெளியவில்லை.

என்னைப் போல மாத்திரையோடு உழைக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறொன்று. சர்க்கரை அளவு சரியான பிறகும் உடம்பு பழையபடி நம் சொந்தமாவதில்லை. நான்கு படி ஏறினால் நெஞ்சு அடிக்கிறது, உள்ளங்கை ஈரமாகிறது. அது சர்க்கரை இறங்குவதா, வெறும் பயமா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. இறங்கி, விரலில் குத்தி, கையடக்கக் கருவியில் சர்க்கரையைப் பார்க்கிறேன். பெரும்பாலும் பயம்தான்.

முன்பு வெயிலைப் பார்த்து நேரம் சொல்வேன். இப்போது கடைசியாகச் சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதிலிருந்தே என் பொழுது நகர்கிறது. உயரத்துக் கொடிகளில் மிளகு பழுத்துச் சிவந்துவிட்டது. சிவகாமி மேலே ஏறிப் பறிக்கிறாள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, பதில் வருகிறதா என்று அவளை அடிக்கடி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.