நெல்சனின் வெள்ளைச் சாரட்டு

ராயபுரத்தில் கல்யாணத்துக்குச் சாரட்டு வேண்டுமென்றால் நெல்சனைத்தான் தேடுவார்கள். ஒரு குதிரை, ஒரு வண்டி. கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாதா கோயிலிலிருந்து மண்டபம்வரை ஓட்டிக்கொண்டு போவார்.

அந்த வண்டிக்குப் பெயின்ட் அடித்தவன் நான். அதனால் ஒரு விஷயம் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். துறைமுகத்து வெள்ளைக்காரத் துரை ஒருவன் சாயங்காலம் காற்று வாங்கப் போன கோச்சாம் அது. அவன் கப்பலேறிய பிறகு மேலே கூரை போட்டு, கறுப்படித்து, சவப்பெட்டி கொண்டுபோகும் வண்டியாக்கிவிட்டார்கள். மோட்டார் வந்ததும் அது யானைக்கவுனியில் ஒரு கொட்டகையில் கிடந்தது. நெல்சன் மலிவாக வாங்கி வந்தார். பெட்டி வைக்கும் பலகையைக் கழற்றிவிட்டு, எதிரெதிரே சோபா போட்டோம். கறுப்பு தெரியாமலிருக்க மூன்று கோட்டு வெள்ளை அடித்தேன்.

"வெளிய சொல்லிடாத திருமல. தெரிஞ்சா ஒர்த்தரும் ஏற மாட்டாங்கோ," என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை. அதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை.

ஆறு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் எங்கள் தெரு ரூத். கல்யாணமாகி அந்தச் சாரட்டில் போன எட்டாம் மாதம், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு சரிந்து அவள் புருஷன் செத்துப்போனான். வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று நெல்சனிடம் நூறு முறை சொன்னேன். தலையாட்டுவார். ஆனால் அவர் மனசு ஆறவில்லை. வாடகைக்கு ஓட்டுவதை நிறுத்தவும் இல்லை, வயிறு இருக்கிறதே.

போன மாதம் அவர் மகள் ஷைனிக்குக் கல்யாணம். அப்பா ஓட்டுகிற சாரட்டில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். குதிரைக்குக் கால் சரியில்லை என்று பொய் சொல்லி நெல்சன் கார் பிடித்தார். பூசை முடிந்து அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே காரில் ஏறினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரார் பெண்களை ஏற்றும்போது இந்தப் பயம் எங்கே போயிருந்தது?

கார் நகர்ந்ததும் ரூத் வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"இன்னா மாமா, சாரட்டு கட்டல?"

"குதிரைக்கு கால் சரியில்லம்மா."

"அடப் பாவமே. எனுக்குன்னு மிச்சம் கீறது அந்த சாரட்ல போனது ஒண்ணுதான் மாமா. மண்டபம் வர்ற வரிக்கும் அவுரு என் கைய வுடவேயில்ல. உன்ன சாவுற வரிக்கும் மறக்க மாட்டேன்."

நெல்சன் கோயில் கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். மகளைக் கட்டிக்கொடுத்த அப்பன் அழுகிறார் என்று நினைத்து, ரூத் தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.