ஒட்டுக் கத்தியும் என் நிபுணத்துவமும்

கத்தி தீட்டும் காணொளிகளைக் கைப்பேசியில் இரண்டு வாரம் பார்த்ததில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கூர் நடுவில் நிற்க வேண்டும், இரு பக்கச் சரிவும் ஒரே அளவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. விளிம்பில் மார்க்கர் மை பூசி, அது எங்கே அழிகிறது என்று பார்த்துப் பார்த்துத் தேய்ப்பேன். இந்தப் பக்கம் பத்துத் தேய்ப்பு, அந்தப் பக்கம் பத்து. வீட்டில் இருந்த மீன் கத்தி, காய்கறிக் கத்தி, பக்கத்து வீட்டுக்காரர் கிளை கழிக்கும் கவ்வாத்துக் கத்தி எதையும் விட்டுவைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை என் மனைவியின் ஒட்டுக் கத்தி கையில் மாட்டியது. அவள் தம்புள்ள வழியில் இருக்கும் நாலந்தாவில் ஒரு நாற்றுப் பண்ணையில் அவகாடோ கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுகிறவள். கத்தியைப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் சரிவு, மறுபக்கம் பலகை போலத் தட்டை. பாவம், இத்தனை வருடம் இந்தக் கோணல் கத்தியையா வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டாள் என்று உண்மையாகவே மனம் இளகியது. மதியச் சோற்றைக்கூட மறந்து இரு பக்கத்தையும் சமமாக்கினேன்.

சாயங்காலம் பெருமையாக நீட்டினேன். அவள் முற்றத்தில் ஒரு குச்சியை ஒடித்துச் சீவினாள். சீவிய இடத்தில் என் அடிக்கோலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். நடுவில் குழி விழுந்திருந்தது.

“சந்து தெரியுதா? இதுல காத்து போனா கன்னுல ஒட்டுற குச்சி காஞ்சுரும். தட்டையா ஒரு பக்கம் இருந்தாத்தாங்க வெட்டு நேரா விழும். திங்கக்கிழம, கன்னு கேட்டிருக்கிற வஹகோட்டைக்காரருக்கு நூறு கட்டணும்.”

“புதுசு ஒண்ணு வாங்கிட்டா?”

“இது என் கைக்குப் பழகுனது.”

வெட்கமாகப் போய்விட்டது. ஞாயிறு முழுக்க, முன்பு தட்டையாக இருந்த பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து, என் கைவரிசையின் கடைசித் தடயம் அழியும்வரை தேய்த்தேன். கத்தி இளைத்துவிட்டது. நானும்தான். மறுநாள் காலை அதைக் குச்சியில் சீவிப் பார்த்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டு பண்ணைக்குப் போக மாத்தளையில் தம்புள்ள பஸ் ஏறினாள்.

அதன் பிறகு வீட்டில் அந்தக் கத்தி என் கண்ணில் படவே இல்லை. அரிசி வாளிக்குள் ஒளித்திருக்கிறாள் என்று பின்னால்தான் தெரிந்தது. ஒட்டுப் பிடித்ததா என்று தினமும் கேட்பேன். “பொறுங்க” என்பாள்.

சில வாரம் கழித்து ஒரு கன்றைக் கொண்டுவந்து என் சாணைக்கல் பக்கத்தில் வைத்தாள். ஒட்டுக்கு மேலே துளிர் விட்டிருந்தது.

“எல்லாம் பிடிச்சிருச்சா?”

“அஞ்சாறு போச்சு. அது எப்பவும் போறதுதான்.”

கூடவே கத்தியையும் நீட்டினாள். “மழுங்கியிருக்கு, தீட்டிக் குடுங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்கிப் பார்த்தேன். தட்டைப் பக்கத்துப் பிடியில் அவளுடைய சிவப்பு நகச்சாயம் தடிப்பாகப் பூசியிருந்தது.

“சிவப்பு இருக்கிற பக்கம் உங்களுக்கு இல்லங்க.”