கல்முனைப் பக்கம் வீடு வாங்கப் போகிறவர் யாரிடம் விலை பேசக் கூடாது

ஒக்டோபர் கடைசியில், மாரி மழை பிடித்த முதல் வாரத்தில், நானும் மனைவி நஸ்ரினும் கொழும்புக்குப் பக்கத்துத் தெஹிவளையிலிருந்து கல்முனைக்குப் போனோம். உல்லாசப் பயணம் அல்ல. ஜனவரியிலிருந்து எனக்குக் கல்முனையில் வேலை. மகளை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், அதற்கு முன் ஒரு வீடு வாங்க வேண்டும். வாடகை வீடு இனி வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தோம். நான் தனியாக இன்னொன்றையும் முடிவெடுத்திருந்தேன்: இந்த வீட்டின் உறுதிப் பத்திரம் என் பெயரில்தான் எழுதப்பட வேண்டும்.

ஏன் என்று இந்தக் கிழக்குக் கரையோரத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்கு வீடு கொடுத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதைக் கட்டுவது பெண்ணின் வாப்பாவும், காக்காமார் என்று நாங்கள் சொல்லும் அண்ணன்மாரும். நான் சாய்ந்தமருதில் பிறந்தவன், இரண்டு தங்கச்சிமாருக்கு ஒரே காக்கா. பட்டம் வாங்கிய கையோடு கட்டாருக்குப் போனேன். ஆண்டுக்கணக்காக வெயிலில் நின்று இரண்டு வீடு கட்டினேன். இரண்டும் அவர்கள் பெயரில். மூத்தவளின் வீட்டில் முன் அறையை ‘காக்காட அறை’ என்று சொல்லித்தான் கட்டினார்கள். இப்போது அது மச்சானின் திரைச்சீலைக் கடை. நான் அக்குறணையில் பெண் எடுத்தேன். அங்கே இந்த வழக்கம் இல்லை, ஆகவே பெண்ணோடு வீடு வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கென்று ஒரு ஓட்டுத் துண்டுகூடக் கிடையாது.

கொழும்பிலிருந்து குளிரூட்டிய பஸ், ஆளுக்கு 2,900 ரூபா. காலை ஆறு மணிக்குக் கல்முனையில் இறங்கினோம். தங்கச்சி வீட்டில் தங்கவில்லையா என்று கேட்பீர்கள். புறப்படுவதற்கு முன் பேசினேன். “வாங்க காக்கா, எப்ப திரும்பிப் போறீங்க?” என்றாள், ஒரே மூச்சில். நான் விடுதியில் அறை எடுத்தேன். 6,500 ரூபா, விசிறி மட்டும். குளிரூட்டி வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எட்டரைக்கு ரமீஸ் வந்தான். ஆட்டோவும் ஓட்டுவான், காணி வீடு தரகும் பார்ப்பான். அரை நாளுக்கு ஆட்டோ 3,500 ரூபா. தரகுப் பணம் வேறு, வீடு சரிவந்தால் மட்டும்.

முதலில் வடக்கே நாலு கிலோமீற்றர், மருதமுனை. நல்ல ஊர், படித்த ஊர், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்தில். ஆனால் உம்மாவின் வீட்டு வளவை மகள்மாருக்குப் பிரித்து, அதை மறுபடியும் பேத்திமாருக்குப் பிரித்து, மதிலுக்கு மதில் ஒட்டி வீடுகள். நாங்கள் பார்த்த வீட்டின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டின் குளியலறை. நஸ்ரின் ஜன்னலை மெதுவாக மூடினாள். “இங்க ஒரு கரண்டி விழுந்தா மூணு வீட்டுக்குக் கேக்கும்” என்றாள். அந்த வீட்டுக்கு அவர்கள் கேட்ட விலைக்குத் தெஹிவளையில் மாடி வீடு பார்க்கலாம்.

அடுத்து தெற்கே, என் சொந்த ஊரின் மேற்குப் பக்கம். நான் சிறுவனாக இருந்தபோது அது முழுக்க வயல். இப்போது கிரவல் மண் கொட்டி நிரப்பி, துண்டு துண்டாக விற்கிறார்கள். புது வீடு, புது ஓடு, ‘குடும்பத்துக்கு உகந்த அமைதியான சூழல்’ என்று விளம்பரப் பலகை. வாசலில் இறங்கியதும் கணுக்கால் வரை தண்ணீர்.

“இது மழைத்தண்ணி காக்கா. வெள்ளம் இல்ல” என்றான் ரமீஸ்.

“அப்ப வெள்ளம் எது?”

“அது ஆட்டோவுக்குள்ள வரும்.”

நான் சிரிக்கவில்லை. தண்ணீர் கடலுக்கு ஓடும் வழியில் வீடு கட்டிவிட்டு, பிறகு ஒவ்வொரு மாரிக்கும் அரசாங்கத்தைத் திட்டுகிற ஊர் இது. நிரப்புகிறவன் ஒருவன், நனைகிறவன் இன்னொருவன். விற்றவனோ கொழும்பில் இருப்பான். ஒரு யோசனை: இந்தப் பக்கம் வீடு பார்க்க வெயில் காலத்தில் வராதீர்கள். மழையில் வாருங்கள். மதிலின் அடியைப் பாருங்கள். அடியில் மட்டும் புதுப் பூச்சு அடித்திருந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

பதினொரு மணிக்கு நிந்தவூர். கல்முனையிலிருந்து எட்டுக் கிலோமீற்றர். பிரதான வீதியிலிருந்து நானூறு மீற்றர் உள்ளே, மேட்டுக் காணி, பதினெட்டுப் பேர்ச். மதிலடியில் பழைய பூச்சு, தண்ணீர்க் கறை இல்லை. நல்ல கிணறு. பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு ஏழு நிமிட நடை. நான் நடந்து பார்த்தேன். வழியில் ஒரு பெரிய தெருவைக்கூடக் கடக்க வேண்டியதில்லை. இதுதான் வீடு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

வீட்டுக்காரர் ஹனீபா காக்கா, அறுபதைத் தாண்டியவர், மரக்கடை வைத்திருந்தவர். முன் விறாந்தையில் என்னை இருத்தினார். நஸ்ரினை அவருடைய மனைவி ஜெஸீமா ராத்தா உள்ளே அழைத்துப் போய்விட்டார். ஒரு மணித்தியாலம் விலை பேசினோம். அவர் ஏற்றினார், நான் இறக்கினேன். கூரை மரம் பற்றி வாதாடினோம். கடைசியில் இருவருக்கும் சரியான ஒரு இடத்தில் வந்து நின்றோம். பேச்சு முடிந்தது என்று அவர் என் கையைப் பிடித்து பிஸ்மி சொன்னார். ரமீஸின் முகம் மலர்ந்தது.

அப்போது ஜெஸீமா ராத்தா தேத்தண்ணித் தட்டோடு வந்தார்.

“என்ன, ரெண்டு பேரும் சேந்து ஆருட வளவ விக்கிறீங்க?”

நான் ஹனீபா காக்காவைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணியைப் பார்த்தார்.

“இது எங்கிட உம்மா எனக்குத் தந்த ஊடு. இவர் கலியாணத்தோட வந்தவர்” என்றார் ராத்தா.

“அப்ப ஏன் காக்கா ஒரு மணித்தியாலம் என்னோட விலை பேசினீங்க?”

“நீங்க கேட்டீங்க, நான் சொன்னன்” என்றார் அவர். “வந்த ஆக்களோட கதைக்காம இரிக்க ஏலுமா?”

இந்த மண்ணில் பிறந்தவன் நான். உறுதி யார் பெயரில் என்று கேட்காமல் ஆம்பிளையிடம் விலை பேசினேன். கட்டாரும் கொழும்பும் சேர்ந்து என்னை இவ்வளவு முட்டாளாக்கியிருக்கின்றன.

ராத்தா விலையை மறுக்கவில்லை. “எனக்கு மூணும் ஆம்புளப் புள்ளயள். மூணு பேரும் பொண்டாட்டிமார்ர ஊட்ட போயிட்டானுகள். இந்த ஊடு எனக்கு இனி என்னத்துக்கு? விக்கிறன். ஆனா இந்தப் புள்ளட பேருக்குத்தான் எழுதுவன்” என்று நஸ்ரினைக் காட்டினார். “ஆம்புளட பேருக்கு எழுதி, நாளைக்கு அவர் இன்னொண்ட கலியாணம் முடிச்சா, இந்தப் புள்ள எங்க போற?”

“ராத்தா, எனக்கு அம்பத்திரண்டு வயசு.”

“அதுதான் பயம்.”

ஹனீபா காக்கா சிரித்தார். நஸ்ரினும் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. என் காசு, என் பெயர் என்றேன். “அப்ப வேற ஊடு பாருங்க மனே” என்று ராத்தா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் எழுந்து வெளியே வந்து ஆட்டோவில் ஏறினேன். நஸ்ரின் வரவில்லை.

“என்ட தரகுக் காசையும் சேத்துத்தானே குழப்பிட்டீங்க” என்றான் ரமீஸ். “நான் இரிக்கிறதும் பொண்டாட்டிட ஊடுதான் காக்கா. சண்டை வந்தா இந்த ஆட்டோக்குள்ளதான் படுக்கிற. சொகமாத்தான் இரிக்கி.”

அவனை வாயை மூடச் சொன்னேன்.

நஸ்ரின் நிதானமாக வந்தாள். ஆட்டோவில் ஏறவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரமீஸ் தானாகவே இறங்கிக் கொஞ்சத் தூரம் போய் நின்றான்.

“ஆறு வாடகை வீடு” என்றாள். “ஒரு ஆணி அடிக்கவும் வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். உங்க தங்கச்சிமாருக்கு நீங்க இருந்தீங்க. எனக்கு அப்படி யாரும் இருக்கல்ல. நான் அதைக் குறையாச் சொன்னதும் இல்ல. ஆனா நான் எங்க போவேன்னு கேட்ட முதல் ஆள் அந்த ராத்தாதான். என்னைப் பாத்து ஒரு மணித்தியாலம்தான் ஆகுது.”

மழை மறுபடியும் தொடங்கியது. அவள் நனைந்துகொண்டு நின்றாள். என் கோபம் அப்படியே இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஒரு ஆள் வாழ்நாள் முழுக்கக் கட்டிக்கொண்டே இருந்து, கடைசியில் நான்கு சுவருக்கும் விருந்தாளியாக வந்து போவது என்ன நியாயம்? இதை எங்கள் பகுதியில் ஆம்பிளைகள் யாரும் பேசமாட்டார்கள். ஹனீபா காக்காவைப் போலச் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார்கள். ஆனால் மனைவியை மழையில் நிறுத்தி வைத்து அந்த நியாயத்தைக் கேட்க முடியாது. நான் இறங்கினேன். இருவரும் உள்ளே போனோம்.

இந்தப் பக்கம் வீடு வாங்க வருகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து. குடும்பத்தோடு இருக்க நிந்தவூரைப் பாருங்கள், மேட்டுக் காணியாகப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்கு நீங்களே நடந்து பாருங்கள், தரகர் சொல்லும் நிமிடத்தை நம்பாதீர்கள். விறாந்தையில் இருக்கும் ஆம்பிளையோடு தேத்தண்ணி குடிக்கலாம், விலை பேசக் கூடாது. கட்டாயம் மனைவியை அழைத்துப் போங்கள். கிணற்றுத் தண்ணீர் எந்த மாதத்தில் உவர்க்கும், பக்கத்து வீட்டார் எப்படி, எல்லாம் நஸ்ரினுக்கு உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. நான் கூரை மரத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் உறுதி எழுதினோம். விற்பவர் ஜெஸீமா ராத்தா, வாங்குபவர் நஸ்ரின். உறுதி எழுதும் நொத்தாரிசு இரண்டு சாட்சி வேண்டும் என்றார். ஹனீபா காக்கா முதல் சாட்சி. எழுதி முடித்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டி, “இஞ்சால போடுங்க தம்பி, எனக்குக் கீழ” என்றார். வழமையைவிடப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன்.