இறைக்க இறைக்க வந்த நெடி

கடலூர் முதுநகரில், சிதம்பரம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், ஆசியா உம்மாள் வீட்டுக் கிணறு மட்டும்தான் நல்ல தண்ணீர்க் கிணறு. மற்றவையெல்லாம் உப்புக் கரிக்கும். அவளுடைய கணவர் முஹம்மது யூசுப் பினாங்கில் மௌத்தாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. பகலெல்லாம் பூட்டிய வீடு போலக் கிடக்கும் அந்த இடம், சாயங்காலமானால் குடங்களும் பேச்சுமாக நிறைந்துவிடும். அந்த ஒரு பொழுதுக்காகவே அவள் மிச்சப் பொழுதைக் கழித்தாள்.

1966 மாசியில் தண்ணீரில் ஒரு நெடி வந்தது. அடுத்த வீட்டு ரத்தினம்மாள் குடத்தை மோந்து பார்த்தாள்.

"என்னாக்கா, சீமெண்ண டின்ன உள்ள கவுத்துட்டியா? இந்தத் தண்ணியில ஒல வச்சா அடுப்பே பத்த வைக்க வேணாம் போலருக்கே."

எல்லாரும் சிரித்தார்கள். ஆசியா உம்மாளும் சிரித்தாள். மறுநாள் பாதிப் பேர்தான் வந்தார்கள்.

எலி விழுந்தாலும் சரி, பாசி படிந்தாலும் சரி, கெட்ட கிணற்றை ஒட்ட இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற விடுவதுதான் ஊர் வழக்கம். ஆள் வைத்து இறைத்தாள், சுண்ணாம்பு போட்டாள். புதிதாக ஊறிய தண்ணீர் முன்னைவிட நாறியது. பிறகு தானே இறைத்தாள். விடிந்ததிலிருந்து ராட்டினம் கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தது. உள்ளங்கை கொப்பளித்து, உடைந்து, காய்த்துப் போயிற்று. ரத்தினம்மாள்கூட இடுப்பில் குடத்தோடு வேறு தெருவுக்குப் போவதை அவள் ஜன்னல் வழியே பார்த்தாள்.

நகராட்சிக்கு நடையாய் நடந்தாள். சித்திரையில்தான் சானிட்டரி இன்ஸ்பெக்டர் சபாபதி வந்தார். வாளியை முகர்ந்தவர், தெருமுனையிலிருந்த பெட்ரோல் பங்கைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்ல இரும்பு டேங்கு சார்," என்றார் பங்கைப் பார்த்துக்கொள்ளும் அந்தோணிசாமி. "மண்ணுக்குள்ள புதைச்சு வச்சிருக்கு. எந்திரிச்சு நடந்தா போவும்?"

கிணற்றிலிருந்து பங்க் வரை மணலில் வரிசையாகக் குழி தோண்டச் சொன்னார் சபாபதி. ஒவ்வொரு குழி மண்ணையும் ஆசியா உம்மாள் அள்ளி மோந்தாள். பங்கை நெருங்க நெருங்க மண் கறுத்தது. கடைசிக் குழியில் அடித்த நெடிக்கு, அந்தோணிசாமி காதில் செருகியிருந்த பீடியை எடுத்துத் தூர எறிந்தார்.

"கெணத்த இறைச்சீங்களாம்மா?" என்று கேட்டார் சபாபதி.

"தெனமும்தான் சார். கை ஓயற வரைக்கும்."

அவர் சற்றுத் தயங்கினார். "இது மணல் பூமி. கெணத்த நீங்க காலி பண்ணப் பண்ண, சுத்துல இருக்கற தண்ணியெல்லாம் இங்க ஓடியாரும். பெட்ரோலும் அதோட சேந்து வந்துடுச்சு. இறைக்காம விட்டிருந்தா இவ்ளோ ஜாஸ்தியா வந்திருக்காது."

ஆசியா உம்மாள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

டேங்கைத் தோண்டி எடுத்தார்கள். அடிப்புறம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. புது டேங்க் வந்தது.

"கெணறு எப்ப சார் தெளியும்?"

"மண்ணுல ஊறிப்போச்சும்மா. வருஷக்கணக்காவும்."

கிணற்றைப் பலகை போட்டு மூடினார்கள். அடுத்த வருடம் தெருவின் மறுகோடியில் குழாய் வந்தது. சாயங்காலப் பேச்சும் அங்கே போய்விட்டது.

தனி ஆளுக்கு ஒரு குடம் தாராளம். ஆசியா உம்மாள் நிறைகுடத்தைக் கொண்டுவந்து கொல்லை வாழைக்கு ஊற்றிவிட்டு, மறுபடியும் போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.

"திரும்பவுமாக்கா? வூட்டுக்கு யாராச்சும் வந்திருக்காங்களா?" என்றாள் ரத்தினம்மாள்.

"ஆமா," என்றாள் ஆசியா உம்மாள்.